காருக்குப் பத்தியம் சொன்னவர்

போடியில் இருக்கும் டாக்டர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் சொன்ன சொல்லை நோயாளிகள் தட்டாமல் கேட்பது ஒரே ஒரு வைத்தியரிடம்தான். அவர் ஜீப் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு அவர் ‘பத்தியம்’. பஸ் ஸ்டாண்டில் இறங்கி “பத்தியம் பட்டறைக்குப் போகணும்” என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

வண்டியைச் சரிசெய்து சாவியைக் கையில் கொடுத்ததும் மற்ற மெக்கானிக்குகளுக்கு வேலை முடிந்துவிடும். இவருக்கு அங்கேதான் ஆரம்பம். “மூணு நாளைக்கு மேட்டுல ஏத்தக் கூடாது. உச்சி வெயில்ல நிறுத்தக் கூடாது. அடுத்தவுக கையில சாவியக் குடுக்கவே கூடாது” என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லுவார். அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுபோனால் பானெட்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார். பத்தியம் முறிந்திருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு மாதத்துக்கு அந்த வண்டியைத் தொடமாட்டார். எங்கள் தெரு வக்கீல் ஒருவர், நீதிபதி முன்னால்கூட வாய் ஓயாதவர், “ஒரு வாரத்துக்குத் தேனியத் தாண்டக் கூடாது” என்ற பத்தியத்துக்குப் பயந்து சொந்த மச்சினன் கல்யாணத்துக்கு மதுரை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.

இவ்வளவு பேசுகிறவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டேன். “வீட்டுலயும் நோயாளிய வச்சுக்கிட்டா நான் எப்ப மதினி தூங்குறது?” என்றார். பட்டறை வைப்பதற்கு முன் பத்து வருடம் தோட்டத் தொழிலாளர்களை மலைக்கு ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டியவர். அந்தப் பழக்கத்தில் ஒரு நோய் அவருக்கே ஒட்டிக்கொண்டது. மலை ரோட்டில் யாராவது நின்றால் அவரால் தாண்டிப் போக முடியாது. ஜீப்பில் பதினெட்டுப் பேர் இருந்தாலும் பத்தொன்பதாவது ஆளுக்கு நிறுத்துவார். காலே தானாகப் பிரேக்கை மிதித்துவிடுமாம்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் போய் நின்ற கதையைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. இளவயதில் அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டு வெளிநாடு போன ஒருவரிடமிருந்து ஒரு சிவப்புக் காரை வாங்கி வந்தார். ரெண்டே ரெண்டு சீட். மேலே துணிக்கூரை, அதையும் மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, “இம்புட்டுக் காசு குடுத்து ஒரு சோப்பு டப்பா வாங்கியாந்திருக்கான்” என்றார். அந்தச் சோப்பு டப்பாவில்தான் வாராவாரம் நானும் அவரும் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துக்குப் போவோம்.

ஒரு மழை நாளில் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் மூடுபனியில் கார் வழுக்கித் தடுப்புச் சுவரில் மோதியது. என் இடது மணிக்கட்டு உடைந்தது. எனக்கு ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது. அவருக்கு ஆகவில்லை. காரின் நசுங்கலை எடுத்து, பெயின்ட் அடித்து, எங்கள் ஏலக்காய் குடோனின் மூலையில் நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அதோடு சரி. பதினேழு வருடம் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. மலைக்கும் வரவில்லை. தோட்டத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஊருக்குள் எங்கே போனாலும் நடை. ஆனால் டிரைவிங் லைசென்ஸை மட்டும் தேதி தவறாமல் புதுப்பித்துவந்தார். அதை நான் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன வருடம் குடோனில் இடம் போதவில்லை. “பழைய இரும்புக்காரர்ட்ட குடுத்துரலாமா?” என்று கேட்டேன். “குடுத்துரு” என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குடோனுக்குப் போய்ப் பார்க்கிறேன், தார்ப்பாயை விலக்கி, தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறி, “தூசி” என்றார். குடோன் முழுக்கத்தான் தூசி. நான் இரும்புக்காரரைக் கூப்பிடவில்லை. நேரே பத்தியத்திடம் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கார் முக்கியமே இல்லை. இந்த மனிதர் பழையபடி வண்டி ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். அதை அப்படியே பத்தியத்திடம் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “வண்டி எத்தன வருசமாப் படுத்துருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குடோனுக்குள் நுழைந்தார். தார்ப்பாயை எடுத்தார். காரைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். கும்பிடப் போகிறாரோ என்று பார்த்தேன். திடீரென்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “ஏண்ணே, பெட்ரோலக்கூட வடிக்காமப் போட்டுருக்கீகளே? சாப்பாட்ட வயித்துல வச்சே பதினேழு வருசம் படுக்கச் சொன்னா நீங்க படுப்பீகளா?” என்று ஒரு பிடி பிடித்தார். ஏல மையத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்காத மனிதர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வைத்தியம் தொடங்கியது. டேங்கைக் கழற்றிக் கழுவினார். உள்ளேயிருந்து வந்த பெட்ரோல் கஷாயம் மாதிரி இருந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் எண்ணெய் விட்டு, “ஒம்போது நாளு ஊறட்டும். அதுவரைக்கும் குடோனுக்குள்ள யாரும் சத்தமாப் பேசக் கூடாது” என்றார். எஞ்சினுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் ஒன்பது நாள் ஜாடையில் பேசிக்கொண்டார்கள். எலி கடித்த வயர்களை மாற்றினார். பிரேக் குழாய்கள், டயர்கள் எல்லாம் புதிது. பத்தாம் நாள் எஞ்சின் கையால் சுற்றியதும் அசைந்தது. உடனே மேலே உத்தரத்தில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதில் பெட்ரோல் ஊற்றி, டியூப் வழியாகக் கார்புரேட்டருக்கு இறக்கினார். “மொத மூணு நாளைக்கு இதான். ஒரேயடியா டேங்கு நெறையா ஊத்துனா செமிக்காது.”

ஸ்டார்ட் செய்த நாளில் நானும் என் வீட்டுக்காரரும் காருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். அங்கே நின்றது எங்கள் தப்பு. எஞ்சின் நாலு தரம் இருமியது, ஐந்தாவது தரம் டமார் என்று வெடித்தது. சைலன்சரிலிருந்து சரமாரியாக ஏதோ பறந்து வந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் அடித்தது. பார்த்தால் ஏலக்காய்! பதினேழு வருடமாக எலிகள் எங்கள் மூட்டைகளிலிருந்து திருடி அங்கே சேர்த்துவைத்திருக்கின்றன. நான் “ஐயையோ” என்று அலறுகிறேன். இவரோ சட்டையிலிருந்து ஒரு காயை எடுத்தார், உள்ளங்கையில் உருட்டினார், நகத்தால் கீறி மோந்தார். “எட்டு எம்எம். நல்ல காயி. பச்சைதான் போயிருச்சு” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தக் காரின் பக்கத்தில் அவர் சிரித்து நான் பார்த்துப் பதினேழு வருடம்.

வண்டி ஓடும் நிலைக்கு வந்தது. ஆனால் பத்தியம் புதிதாக ஒரு குண்டைப் போட்டார். “கிளட்ச்சுப் பிளேட்டு ஒட்டிக்கிருச்சு. அத மிதிச்சு மிதிச்சுத்தான் எடுக்கணும். தெனம் அர மணி நேரம். வண்டிக்குப் பழகுன காலாத்தான் இருக்கணும்.”

“நீயே மிதியேன்ப்பா” என்றார் இவர்.

“ஏங்காலு ஜீப்புக் காலு. ஒரே மிதியில ஒடச்சுப்புடும்.”

அப்படியாக, ஓடாத காரின் டிரைவர் சீட்டில் என் வீட்டுக்காரர் தினமும் மாலை அரை மணி நேரம் உட்கார்ந்தார். முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலாம் நாள் கண்ணாடியைச் சரிசெய்தார். பத்தாம் நாள் நான் காப்பி கொண்டுபோனபோது கியரைப் போட்டு, ஸ்டியரிங்கை லேசாக வளைத்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் எந்த வளைவில் இருந்தாரோ, காப்பியை வாங்கிக்கொள்ளவே இல்லை.

இருபது நாள் கழித்துப் பத்தியம் வந்தார். “மலையேத்திப் பாத்துருவோம். நானே ஓட்டுறேன். அண்ணே, நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்க” என்றார். இவர் அரை மனதாகத் தலையாட்டினார். விடியற்காலையில் கிளம்பினோம். முன்னால் கூரையை மடக்கிய கார், பின்னால் எங்கள் தோட்டத்து ஜீப்பில் டிரைவரோடு நான்.

மூன்றாவது வளைவில் கார் நின்றது. பத்தியம் இறங்கினார். “காலு மரத்துப் போச்சுண்ணே, இந்தக் குட்டி சீட்டுல ஏம் முட்டிய மடக்கவே முடியல. ரெண்டு வளைவுக்கு மட்டும் புடிங்க” என்றார். ஜீப்பிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவர் வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெதுவாக இறங்கி, சுற்றி வந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. மாட்டுவண்டி வேகம்தான். ஆனால் நகர்ந்தது.

ரெண்டு வளைவு தாண்டியும் பத்தியம் சீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆறாவது வளைவில் தலையில் முண்டாசுத் துணியும் கையில் தூக்குவாளியுமாக ஒரு அம்மா நின்றிருந்தார். எஸ்டேட் ஜீப்பைத் தவறவிட்டவர். அவரைப் பார்த்ததும் பத்தியத்தின் பழைய நோய் வேலை செய்தது. “நிப்பாட்டுங்கண்ணே!” என்று கத்திவிட்டு, கார் முழுதாக நிற்கும் முன்னே எகிறிக் குதித்தார். அந்த அம்மாவைத் தன் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். “மேட்டுல எறக்கி விட்டுருங்க. பாவம், அர நாள் கூலி போயிரும். வெரசாப் போங்க” என்று சொல்லிவிட்டு ஓடிவந்து ஜீப்பில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். “ஏந்தம்பி, அவர ஒத்தையில விட்டுட்டு வந்துட்டீகளே! பதினோராவது வளைவுல என்னாகும்னு யோசிச்சீகளா?”

“பொறுங்க மதினி.”

“அந்தக் கிளட்ச்சு வேற சரியா எடுத்துச்சோ இல்லையோ…”

“அது அண்ணன் மிதிச்ச மூணாம் நாளே சரியாயிருச்சு” என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குப் பட்டறையில் நான் சொன்னதை அவர் ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார். முன்னால் அந்த அம்மா இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டே போவது தெரிந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினோராவது வளைவில், சரியாக அந்தச் சுவருக்குப் பக்கத்தில், கார் நின்றுவிட்டது.

இவர் கதவைத் திறந்து இறங்கினார். நான் ஜீப்பிலிருந்து குதிக்கப் பார்த்தேன். பத்தியம் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். இவர் ரோட்டோரம் போய்க் குனிந்தார், நிமிர்ந்தார், திரும்ப வந்து ஏறினார். கார் கிளம்பியது. முன்னைவிட வேகமாக, பழைய நாள் மாதிரி, வளைவை அழகாக வளைத்துக்கொண்டு மேலே போனது.

போடிமெட்டில் டீக்கடை முன்னால் கார் நின்றிருந்தது. இறங்கிய அந்த அம்மா, “சேட்டன் நல்லா ஓட்டுறாரு. எந்த எஸ்டேட்டுல டிரைவரா இருக்காரு?” என்று என்னிடமே கேட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். நான் இவரிடம் போனேன்.

“அங்க எதுக்கு நிப்பாட்டினீக?”

“எங்க?”

“பதினோராவது வளைவுல.”

“அந்தம்மா முண்டாசு பறந்துருச்சு. எடுத்துக் குடுத்தேன்.” டீயை ஊதிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். “அதுவா பதினொண்ணு? அந்தம்மா மருமகளப் பத்திப் பேசுன பேச்சுல நான் எண்ணவே இல்லையே!”

நான் அழுதேன். டீக்கடையில் எல்லோரும் பார்க்க, வெட்கமே இல்லாமல் அழுதேன். அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எறங்கும்போது நீ ஏங்கூட வர்றியா?” என்றார். பத்தியத்துக்கு நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். எதிரே வந்த ஏதோ லோடு ஜீப்பை மறித்து, அதன் பானெட்டுக்குள் தலையை விட்டு மோந்துகொண்டிருந்தார்.

இப்போது வாராவாரம் அந்தக் காரில்தான் தோட்டத்துக்குப் போகிறோம். வரும் வழியில் பட்டறை வாசலில் நிறுத்துவோம். பத்தியம் ஓடிவந்து எஞ்சினில் காதை வைத்துக் கேட்பார். “நல்லாத்தான இருக்கு, எதுக்கு வந்தீக? ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?” என்று திட்டுவார். “ஏதோ சத்தம் வர்ற மாதிரி இருந்துச்சுப்பா” என்று இவர் கூசாமல் பொய் சொல்லுவார். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. அந்த மனிதரிடம் வாரத்துக்கு ஒரு தரம் திட்டு வாங்காவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.