கோழி திரும்பி வரும்

பேட்டரி இல்லாமல் அடிக்கிற ஹாரன் உலகத்திலேயே எங்கள் ஆபீசில்தான் இருந்தது. கிளார்க் வேலை பார்த்தது. தினமும் குலசேகரத்திலிருந்து தக்கலைக்கு என் பைக்கின் பின்சீட்டில் வந்தது. பெயர் ஹாரன் அண்ணாச்சி.

நான் வண்டி ஓட்டும் லட்சணத்துக்கு அப்படி ஒருவர் தேவைதான். என்னைக் கண்டால் தெருநாய்கூடக் குரைக்காது. பரிதாபப்பட்டு ஒதுங்கி நிற்கும். அண்ணாச்சி அதையும் நம்பமாட்டார். ரப்பர் தோட்டத்து வளைவு ஒவ்வொன்றிலும் என் காதுக்குள் முழங்குவார்.

"ஆடு! ஒண்ணு போச்சுன்னு கெளம்பாத மக்கா, பொறத்தால கூட்டமே வரும்!"

"மாடு! முன்னால போவாதடே, வாலுப் பக்கமா போ!"

"நாய்! அதைப் பாக்காத. நீ எதைப் பாக்கியோ வண்டி அங்கதான் போவும். வழியைப் பாருலே!"

"கோழி! பாதி தாண்டும், பயந்து திரும்பி வரும். மெதுவா, மெதுவா!"

ஒரு நாள் ஆபீஸ் வாசலில் மேனேஜர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

"மேனேஜர்! கோழி மாதிரியாக்கும், திரும்பி வருவாரு!"

காரில் செல்போனை மறந்துவிட்ட மேனேஜர் பாதி வழியில் திரும்பியேவிட்டார். எங்களை முறைத்தார். அந்த மாதம் நான் கேட்ட லீவும் திரும்பி வந்தது.

ஒரு மழைக்காலத்தில் அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இன்று நிம்மதி என்று கிளம்பினேன். முதல் வளைவிலேயே ஹெல்மெட்டில் மடேர் என்று ஓர் அடி. கோழிக்கு ஒன்று, ஆட்டுக்கு இரண்டு, மாட்டுக்கு இரண்டு கையாலும். பாழாய்ப்போன ஆட்டுக்கூட்டம் ஒன்று அன்றைக்கென்று பார்த்து வந்தது. என் மண்டைக்குள் செண்டை மேளம். தாங்காமல் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, ஒரு நாளாவது சும்மா இரும். நான் பாத்துக்கிடுவேன்லா!"

அவர் டீயை ஊதினார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நானும் எனக்க வீட்டுக்காரிட்ட இதத்தான் சொன்னேன் மக்கா. பொறத்தால இருந்து தொணதொணக்காத, எனக்குத் தெரியும்னு. பொறவு அவ வண்டியில வாயே தொறக்கல்ல. ஒரு நாளு குறுக்க நாய் வந்துது. அவதான் முதல்ல பாத்திருக்கா. எனக்க தோளை இறுக்கிப் பிடிச்சா. அப்பவும் சொல்லல்ல. நான் வண்டியை வெட்டித் திருப்பினேன். எனக்கு முட்டுல சிராய்ப்பு. அவ எந்திக்கவே இல்ல."

டீயை ஒரு மிடறு குடித்தார்.

"நாய்க்கு ஒண்ணும் ஆவல்ல."

அதன்பிறகு அவர் வண்டி ஓட்டியதே இல்லையாம். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் தலையைக் குனிந்தேன்.

"நல்லா அடியும் அண்ணாச்சி."

போன மாதம் அண்ணாச்சி போய்விட்டார். ரோட்டில் அல்ல, வீட்டுக் கட்டிலில், நெஞ்சுவலி. சுடுகாட்டுக்குப் போன வேனின் பின்னால் என் பைக்கில் போனேன். பின்சீட்டு காலி. தோட்டத்து வளைவில் வேன் தாண்டியதும் குறுக்கே ஒரு கோழி ஓடியது.

"கோழி! திரும்பி வரும், மெதுவா!"

கத்தியது நான்தான். பிரேக்கைப் பிடித்து நின்றேன். வேன் வளைவில் மறைந்தது.

கோழி மட்டும் திரும்பி வந்தது.