மந்திரியின் தொந்தி

என்னைப் போல ஒரு மண்டு தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்திருக்க முடியாது. அரிசி மூட்டையின் மேல் மாதக்கணக்கில் தாளம் போட்டுக்கொண்டே, அது வைக்கோல் என்று நம்பியவன் நான்.

மூட்டை இருந்த இடம் மந்திரியின் வயிறு. ஓட்டுக் கேட்காமல், சட்டசபை வாசலை மிதிக்காமல், சாகும்வரை பதவியில் இருந்த ஒரே மந்திரி எங்கள் திண்டிவனத்து மந்திரிதான். டூரிங் டாக்கீஸின் விளம்பர மாட்டுவண்டியில் நின்று தகரக் குழாயில் கத்துவது அவர் உத்தியோகம். பக்கத்தில் டமாரம் அடிப்பதும், நடுநடுவே அவர் தொந்தியில் தாளம் போடுவதும் என்னுடையது. வருகிற படத்தில் அசட்டுச் சேட்டு இருந்தால் சேட்டாவார், தூங்குமூஞ்சிப் போலீஸ் இருந்தால் போலீஸாவார். ஜனங்களுக்குப் பிடித்ததோ தொந்தி மந்திரிதான். அதனால் படத்தில் மந்திரி இல்லாவிட்டாலும் வண்டியில் உண்டு. டிக்கெட் வாங்கியவர்கள், “எங்கடா மந்திரி?” என்று திரையைத் திட்டுவார்கள்.

அது அரிசிப் பஞ்ச காலம். பர்மிட் இல்லாமல் அரிசி கொண்டுவந்தால் செக்போஸ்டில் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். மந்திரியின் சம்சாரம் குடல் புண்ணோடு படுத்திருந்தார். கேப்பைக் கூழ் உள்ளே போனால் துடிப்பார். அரிசிக் கஞ்சி மட்டும் தங்கும். ஆகவே போகும்போது துணித் தொந்தியில் வைக்கோல், அனந்தபுரம் பக்கம் சுற்றித் திரும்பும்போது அரிசி.

சாயங்காலமானால் தொந்தியின் சத்தம் மாறுகிறதே என்று கேட்டேன்.

“மந்திரி ஊரைச் சுத்தனா வவுறு ரொம்பாதாடா? நீ அடி.”

செக்போஸ்ட் ஏட்டும் கேட்டார்: “இன்னா மந்திரி, தொந்தி பெருத்துக்கினே போவுது?”

“ஜனங்க இளைச்சிக்கினே போறாங்களே ஏட்டய்யா, அதெல்லாம் எங்கனா வந்து சேரணும் இல்ல?”

ஏட்டு சிரித்தபடி தடுப்புக் கட்டையைத் தூக்குவார்.

ஒரு சந்தை நாள் சாயங்காலம். கடைத்தெருவில் எவனோ மந்திரிக்குக் கத்தரிக்காய் மாலை போட்டான். மந்திரியும் மந்திரி மாதிரியே வளைந்து கும்பிட்டார். தையல் விட்டது. அரிசி கொட்டியது.

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. மந்திரி வயிற்றைத் திறந்தால் ஊர் அரிசி! எந்தப் படத்தில் உண்டு இப்படி ஒரு தமாஷ்? பிறகு சிரிப்பு நின்றது. எல்லோரும் மண்டியிட்டுத் துண்டிலும் முந்தானையிலும் அள்ளினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். “ஏதுடா அரிசி?”

கடத்தல் என்றால் ஜெயில். வீட்டில் கஞ்சி வைக்க வேறு ஆளில்லை.

“ரேஷன் அரிசிங்க. மந்திரியக் கிண்டல் பண்ண வவுத்துல கட்டிக்கினேன்.”

“சர்க்காரையா கிண்டல் பண்றே?”

அரிசி மறந்துபோயிற்று. தடி விழுந்தது. அடித்து முடித்ததும் விட்டுவிட்டார்கள்.

அவர் கையை என் தோளில் போட்டு நடத்திக்கொண்டு போனேன். அழக் கூடாது என்பதற்காக எதையாவது பேச வேண்டியிருந்தது.

“ரொம்ப வலிக்குதா மந்திரியாரே?”

தொங்கிய துணிக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு பிடி அரிசியை எடுத்துப் பார்த்தார்.

“ஒரு வேளைக்கு ஆவும்.”