ஒரு கண்மணி மட்டும் விரிந்த விவகாரம்

அன்பு மைத்துனிக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். என் வலது கண்ணும் நலம். அதன் நலத்துக்கு நீயே காரணம் என்பதால் தனியாகத் தெரிவிக்கிறேன்.

அன்று போனில் நீ பாதிக் கதைதான் கேட்டாய். முப்பத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காமல் பால்கனிச் செடியைத் திருத்தப் போனேன். நாற்றுப் பண்ணைக்காரர் 'எக்காளப் பூ' என்று கொடுத்த செடி. சாண் நீள மஞ்சள் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். கிளையை வெட்டும்போது சாறு விரலில் வழிந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, அதே விரலால் துடைத்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பேப்பரில் எழுத்தெல்லாம் கலங்கியது. பழக்க தோஷம், அச்சுக் கோளாறு என்றே நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் இடது கண்மணி மிளகு அளவு, வலது கண்மணி சட்டைப் பொத்தான் அளவு!

உன் அக்கா ஓடிவந்து, "சிரிங்க!" என்றாள்.

"எதுக்குடி?"

"வாய் கோணுதான்னு பாக்கணும், சிரிங்க!"

சிரித்தேன். "கோணுதா?"

"அது எப்பவும் உள்ள கோணல்தான். கிளம்புங்க."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் டார்ச் அடித்தார். வலது கண்மணி அசையவே இல்லை. மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி உன் அக்காவின் கையைப் பிடித்து, "உன் கண்ணாடி ஜாடிய உடைச்சது பூனை இல்ல, நான்தான்" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். பேசாம படுங்க" என்றவள், அழுதுகொண்டே உனக்குப் போன் போட்டாள்.

நீ அழவில்லை. கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்தும்போது மாணவரைக் கேட்பது போல, "அத்தான் இன்னைக்கு எந்தச் செடியத் தொட்டாரு?" என்று கேட்டாய். சொன்னதும், "அது ஊமத்தைக்குச் சொந்தம், ரெண்டும் கத்திரிக்காய்க் குடும்பம். ஊமத்தை பூவ நிமித்தி வைக்கும், இது தொங்கவிடும். ரெண்டுலயும் அட்ரோபின், ஸ்கோபோலமின் எல்லாம் உண்டு, கண்மணியச் சுருக்குற தசைய முடக்கிடும். டாக்டர்கிட்ட போனக் குடு" என்றாய். அவர் கண்மணியைச் சுருக்கும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார், சுருங்கவில்லை. "நரம்புக் கோளாறுன்னா இதுக்குச் சுருங்கியிருக்கும். இது செடியோட வேலைதான்" என்று சிரித்துவிட்டார். நாலாம் நாள் கண்மணி பழைய அளவுக்கு வந்தது.

நீ செடிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். மன்னித்துக்கொள். அன்று சாவைவிட, உன் அக்காவைத் தனியாக விட்டுப் போகிறோமே என்றுதான் பயந்தேன். நீ கேட்ட ஒரு கேள்விதான் என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. இந்த நன்றியை எழுதத் தெரியவில்லை, அம்மா.

கையுறை போட்டு அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு தவிர அந்தக் குடும்பத்தார் எவரும் இனி இவ்வீட்டுக்குள் வரமாட்டார்கள்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய் நொடியின்றி நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: இப்போதுதான் அந்த டாக்டர் வந்து, புதுப் பாடம் கற்றுத் தந்ததற்கு நன்றி என்று ஒரு தொட்டிச் செடி வைத்துவிட்டுப் போனார். கோலிக்குண்டு போலச் சிவந்த பழங்கள். வெள்ளை நட்சத்திரப் பூ, நடுவில் மஞ்சள் மூக்கு. எனக்கென்னவோ கத்திரிப்பூவின் ஜாடை தெரிகிறது. குட்டித் தக்காளி என்று உன் அக்கா நாலைப் பறித்துக் கழுவி வைத்திருக்கிறாள். தட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உனக்குப் போன் போடுகிறேன். எடு!