இரண்டு டிரைவ்களும் வாய் திறந்து தூங்கிய அக்காவும்

எனக்கு வாழ்க்கை என்று ஒன்று கிடையாது என்பதை ஒரு கம்ப்யூட்டர் சோதனை செய்யப் போய்த்தான் கண்டுபிடித்தேன்.

கம்ப்யூட்டரில் தகவல் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. டிரைவ்கள் நம் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கிய சமயம். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். வேலை, பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பராமரிப்பு. மற்ற நேரமெல்லாம் ஓர் இணைய மன்றத்தில் முகம் தெரியாதவர்களோடு சண்டை. சண்டை கன்ட்ரோலரைப் பற்றி. கடையில் எவ்வளவு சரக்கு இருந்தாலும் எடுத்துக் கொடுக்கிறவர் தடுமாறினால் நாம் நிற்க வேண்டியதுதான். டிரைவுக்குள் எடுத்துக் கொடுக்கிற அந்த ஆள்தான் கன்ட்ரோலர் சிப்.

வெவ்வேறு கன்ட்ரோலர் போட்ட இரண்டு டிரைவ்கள் வாங்கி வைத்திருந்தேன். (அந்த வயதில் மற்றவர்கள் பைக் வாங்கினார்கள்.) வேகம் அளக்கும் மென்பொருளில் முதலாவது பறந்தது, இரண்டாவது நடந்தது. ஆனால் பறப்பது நடுவில் திக்குகிறது என்று மன்றத்தில் எழுதினேன். அப்படியானால் ஒரு சாதாரண மனிதர் உபயோகிப்பது போலப் போட்டோ, பாட்டு, கடிதம் என்று ஓட்டி நிரூபியுங்கள் என்றார் ஒருவர்.

சவாலை ஏற்று என் கம்ப்யூட்டரில் தேடினேன். போட்டோ ஒன்று இருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. கடிதங்கள் எல்லாம் மன்றத்தில் என்னைத் திட்டி வந்தவை. அவ்வளவுதான் நான். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

அறை மூலையில் தேவராஜ் அண்ணனின் கம்ப்யூட்டர் இருந்தது. கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரர், வீடு நெம்மேலியில். என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற ஒரே மனிதர். பழுது பார்க்கக் கொடுத்திருந்தார், பார்த்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் குடும்பம் மொத்தத்தையும், கேட்காமலே, இரண்டு டிரைவ்களிலும் நகல் எடுத்தேன்.

ஞாயிறு மதியம். இரண்டு திரைகள், கையில் ஸ்டாப்வாட்ச். தனியாக இருப்பவனுக்கு வாய்விட்டுப் பேசும் பழக்கம் வந்துவிடும். அண்ணன் மகள் பாப்பாவின் பிறந்தநாள், இரண்டு செகண்டு. மகாபலிபுரம் கடற்கரை, ஒன்றரை. போகப் போக ஸ்டாப்வாட்சை மறந்துவிட்டேன். பாப்பா எந்த மாமாவைக் கண்டால் அழுவாள் என்பதுவரை தெரிந்துவிட்டது. பின்னணியில் பாட்டுகள் நகலாகிக்கொண்டிருக்க, அண்ணனின் மனைவி மேரி அக்கா வாய் திறந்து தூங்கும் படம் வந்தது. அடுத்த படத்துக்கு அழுத்தினேன். இரண்டாவது டிரைவ் சமர்த்தாகப் போயிற்று. முதலாவது திக்கி நின்றுவிட்டது. என் கட்சி ஜெயித்தது.

"ஆஹா, நல்லா மாட்டிகினாங்க" என்றேன் சத்தமாக, மன்றத்து ஆட்களை நினைத்து.

பின்னால் பாத்திரம் வைக்கும் ஓசை. திறந்திருந்த கதவில் அண்ணனும் மேரி அக்காவும். கம்ப்யூட்டரை வாங்க வந்தவர்கள் எனக்கு மீன் குழம்பும் எடுத்து வந்திருந்தார்கள். மவுஸை இருபது தடவை அழுத்தினேன். திரையில் அக்கா தூங்கிக்கொண்டே இருந்தார்.

"எங்க வூட்டு போட்டோவ இன்னாத்துக்குடா பாத்துகினு கீற?" என்றார் அக்கா.

கன்ட்ரோலரைப் பற்றி விரிவாக விளக்கினேன். (கையும் களவுமாகப் பிடிபட்டவன் பூட்டின் தரத்தை விளக்கினால் எப்படியிருக்கும்?)

"செக் பண்ணணும்னா உன் போட்டோவ வெச்சுப் பண்ணு."

"எங்கிட்ட ஒண்ணுதான்கா கீது."

அண்ணன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார். நகல்களை அழித்துவிட்டேன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. சோதனை முடிவை மன்றத்தில் போடவுமில்லை. இருந்த ஒரே மனிதரையும் ஒரு சிப்புக்காகத் தொலைத்துவிட்டேனே என்று அழுதேன்.

சில வாரம் கழித்து, பாப்பாவின் பிறந்தநாளுக்கு அக்கா வரச் சொன்னதாக அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நெம்மேலியில் கேக் வெட்டும்போது சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இப்டி வந்து நில்லு. நாளைக்கு செக் பண்ண உனக்கும் போட்டோ வேணும்ல."

அன்றிலிருந்து அந்த வீட்டு விசேஷங்களில் "டெஸ்டிங் ஆளு எங்க?" என்று தேடிப் பிடித்து நிறுத்திய பிறகுதான் படம் எடுக்கிறார்கள். எல்லாப் படத்திலும் அடையாள அட்டைக்கு நிற்பது போலவே விறைத்திருக்கிறேன். கல்லூரிக்குப் போய்விட்ட பாப்பாகூட "எத்தினி செகண்டு மாமா?" என்கிறாள்.

இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். சில ஞாயிறுகளில், அக்கா இழுத்து நிறுத்தி எடுத்த அந்த முதல் படத்தைத் திறப்பேன். திறக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. மூடத்தான் நேரமாகிறது. அதற்குக் கன்ட்ரோலரைக் குறை சொல்ல முடியாது.