காளையின் சர்க்கரையும் நான் கெடுத்த சம்பந்தமும்

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குத் திறந்துகொள்ளும், அதுவும் படித்த பாடமாகவே கொட்டும். அப்படித்தான் ஒரு நல்ல சம்பந்தத்தை நானே கெடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு. காளையின் விந்தில் உள்ள சர்க்கரையை விந்தணுக்கள் எப்படிச் செலவழிக்கின்றன, அதை வைத்து விந்தின் தரத்தைச் சொல்ல முடியுமா என்பது என் ஆராய்ச்சி. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் என் அப்பாவால் இதை வெளியே சொல்ல முடியவில்லை. (பாவம், எப்படிச் சொல்வார்?) "சர்க்கரையைப் பத்திப் படிச்சிகினு இருக்கா" என்று பாதியை மட்டும் சொல்லிவந்தார்.

முள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டை வைத்ததுமே, மாப்பிள்ளையின் அப்பா பையிலிருந்து தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார். பல வருடமாகச் சர்க்கரை நோயாம். அப்பாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உள்ளங்கை வேர்த்துச் சீட்டே நனைந்துவிட்டது.

"இன்னும் கொறைக்கணுமாம்மா?" என்றார் பெரியவர்.

"கொறையக் கூடாதுங்க. கொறைஞ்சா நீந்த முடியாது."

"எனக்கு நீச்சலே தெரியாதேம்மா."

"உங்களைச் சொல்லலைங்க. விந்தணு. காளையோடது."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். விந்தணு வாலை ஆட்டும் சக்தி அந்தச் சர்க்கரையிலிருந்துதான் வருகிறது என்று தொடங்கி, காளையிடமிருந்து விந்தை எப்படிச் சேகரிக்கிறோம் என்பதுவரை விளக்கிவிட்டேன். (கையால் செய்தும் காட்டினேன் என்கிறாள் அம்மா. எனக்கு நினைவில்லை.) மாப்பிள்ளை புரையேறி வாசலுக்கு ஓடினார். அவருடைய அம்மா எனக்காகக் கொண்டுவந்த பூவைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

சம்பந்தம் போயிற்று. அப்பா இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் அந்தப் பெரியவர் மட்டும் தனியாக வந்து நின்றார்.

"எங்க மாட்டுக்கு நாலு தடவை சினை ஊசி போட்டும் நிக்கலைம்மா. நீதான் வந்து பாக்கணும்."

போனேன். ஊசியில் போட்ட காளை விந்தில் குறையில்லை, மாடு பருவத்துக்கு வந்து கத்தி இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போயிருக்கிறார்கள். காலையில் கத்தினால் அன்று சாயந்திரமே போடுங்கள் என்றேன். அடுத்த முறை சினை பிடித்தது.

மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். பெரியவரோ, பிறந்த கிடேரிக் கன்றுக்கு நன்றியோடு என் பெயரை வைத்தார். அந்தக் கன்றும் பசுவாகி, வயதாகிச் செத்துப்போய், இப்போது அதன் பேத்திக்கும் அதே பெயர். யாராவது எங்கள் வீட்டுக்குப் போன் செய்து கலைவாணி சௌக்கியமா என்று விசாரித்தால் என் தம்பி நிதானமாகக் கேட்பான்: "எந்தக் கலைவாணிங்க? முள்ளிப்பட்டுல பால் குடுக்கிறதா, இல்ல எங்க அக்காவா?"