புளியில் ஊறிய கார்பரேட்டர்

கல்யாணமான நாள்லருந்து முதல் தடவையா நான் சொந்தமா ஒரு முடிவெடுத்தேனுங்க. என் ஸ்கூட்டரை யாருக்கும் தர மாட்டேன். உசுரே போனாலும் தர மாட்டேன். இதை நான் சத்தமாச் சொல்லலை. சமையக்கட்டுல என் சம்சாரம் பழனாத்தா இருந்தா.

மில்லுல எங்களுக்கு பஸ் விட்டதுலருந்து ஸ்கூட்டர் மாடிப்படிக்கு அடியில சாக்கைப் போத்திக்கிட்டு மூணு வருசமாத் தூங்குச்சு. நானும் அப்பப்ப சாக்கைத் தூக்கிப் பாத்து, சௌக்கியமான்னு கேட்டுட்டு மூடிருவேன். அதுல ஏறிப் போய்த்தான் பழனாத்தாளைப் பொண்ணு பாத்தேன். எனக்கு வண்டி மேல பாசம். அவளுக்கு அது அடைச்சுக்கிட்டிருந்த இடம் மேல பாசம்.

ஆடி பொறந்த அன்னைக்குப் பேச்செடுத்தா.

"ஏனுங்க, அந்த வண்டியை ராமுலுகிட்டப் போட்டரலாமுங்களா?"

ராமுலு தள்ளுவண்டியில பழைய இரும்பு வாங்க வர்றவன்.

"அதுக்கென்ன குறைச்சல்? நல்லா ஓடற வண்டி."

"ஓடறது எதுக்குங்க சாக்குக்குள்ள கெடக்குது?"

"ஓட்டிக் காட்டட்டுமா?"

"காட்டுங்க. ஆடி பதினெட்டு நோம்பிக்குள்ள ஓடுச்சுன்னா நான் ராமுலுவைக் கூப்பிடவே மாட்டேனுங்க."

இந்த வாக்கை அவ கடைசி வரைக்கும் காப்பாத்துனா. அதுல நான் ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

ஞாயித்துக்கிழமை காலையில வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வண்டியை வெளிய தள்ளுனேன். உதைச்சேன். உதைச்சுக்கிட்டே இருந்தேன். வண்டி கிளம்பலை, என் முட்டிதான் கழண்டுச்சு. நான் மில்லுல ஸ்டோர் கீப்பருங்க. ஊருப்பட்ட ஸ்பேனரை எடுத்துக் குடுத்திருக்கறேன், ஒண்ணையும் திருப்புனதில்லை. ஆனாலும் மெசினுக்குப் பேர்போன கோயமுத்தூர்க்காரன் போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டா மானம் போயிரும்னு நானே கார்பரேட்டரைக் கழட்டுனேன். பெட்ரோலையும் காத்தையும் கலக்கி இஞ்சினுக்கு ஊட்டற டப்பாதான் கார்பரேட்டரு. தெறந்தா, மூணு வருசத்துப் பெட்ரோல் காஞ்சு பிசினா ஒட்டிக்கிட்டு, பழைய வார்னிஷ் நாத்தம் அடிச்சுது. உள்ள ஜெட்டுன்னு ஒரு குட்டிப் பித்தளைச் சாமான் இருக்குது. அதுல இருக்கற நூலாட்டம் ஓட்டை வழியாத்தான் பெட்ரோல் வரோணும். அந்த ஓட்டை பச்சைக் களிம்பேறி அடைச்சுக் கெடந்துச்சு.

நான் ஊக்கை எடுத்துக் குத்தப் போனேன். பழனாத்தா கையைப் புடிச்சுட்டா.

"குத்தாதீங்க. பம்ப் ஸ்டவ்வுக்குக் கண்டபடி பின்னு போட்டா ஓட்டை பெருசாகிப் புகைஞ்சு தள்ளுமில்லீங்க, அந்தக் கதையாயிரும். பித்தளைதானுங்களே, புளியில போடுங்க."

"இதென்ன குத்துவெளக்கா? இஞ்சின் சாமான் அம்மணி இது."

"சரீங்க," அப்படின்னுட்டு உள்ள போயிட்டா. போனவ சும்மா போகலை. நல்ல கொட்டையெடுத்த புளியாப் பாத்துக் கிண்ணத்துல கரைச்சு, எங்கைக்கு எட்டற தூரத்துல வெச்சுட்டுப் போயிட்டா. அவ அந்தப்பக்கம் போனதும் நான் ஜெட்டை அதுல போட்டேன். மத்தியானம் சோறு தின்னுட்டு வந்து பாத்தா ஜெட்டு தங்கமா மின்னுது. தண்ணியில அலசி, ஒயருக்குள்ள இருக்கற மெல்லிசான செம்புக் கம்பி ஒண்ணை உருவி ஓட்டைக்குள்ள விட்டேன். பிசினெல்லாம் வந்துருச்சு. டப்பாவைப் புதுப் பெட்ரோல்ல கழுவி, பழைய பெட்ரோலைக் கொட்டிட்டு, எல்லாத்தையும் திரும்ப மாட்டுனேன். அன்னைக்கு முழுக்க துணி புடிச்சவ அவ, திருகாணி பொறுக்குனவ அவ, கடுங்காப்பி கொண்டாந்தவ அவ. இரும்புக்காரனுக்குப் போடறேன்னு சொன்னவளுக்கு இத்தனை அக்கறை எதுக்குன்னு அப்பவே எனக்குத் தோணியிருக்கோணும். தோணலீங்க. காப்பி நல்லா இருந்துச்சு.

மூணாவது உதையில வண்டி உறுமுச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவளும் சிரிச்சா.

"மருதமலை வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?"

பொண்டாட்டி தானாக் கேக்கறா. எத்தனை வருசமாச்சு. பின்னால உக்காந்து என் தோளைப் புடிச்சுக்கிட்டா. வழி முழுக்க வண்டியைப் பத்தியே பேச்சு. மேட்டுல இழுக்குமுங்களா, வயசானவங்க உக்காந்தா குலுங்குமுங்களா, குழியில விட்டா முதுகு வலிக்குமுங்களான்னு கேட்டுக்கிட்டே வந்தா. நாமளும் வயசானா இப்படியே போகோணும்னு ஆசைப்படறாளாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். மலைமேல சாமிகிட்ட, இந்த வண்டியும் இவளும் கடைசி வரைக்கும் எங்கூட இருக்கோணும்னு வேண்டிக்கிட்டேன். மனசார வேண்டுனேன்.

ஆடி நோம்பிக்கு எங்களை அழைக்க அவ அண்ணன் சுப்பண்ணன் கிணத்துக்கடவுலருந்து பஸ்ஸுல வந்தாரு. வாசல்ல நின்ன வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. அவரே ஒரு உதை உதைச்சாரு. ஒரே உதையில கிளம்பிருச்சு. நான் வண்டியை அணைச்சுச் சாவியை மடியில சொருகிக்கிட்டேன்.

"மாப்பள, வண்டியைச் சோக்கா வெச்சிருக்கறீங்க."

இங்க ஒரு விசயம் சொல்லோணுமுங்க. எங்க பக்கத்துல ஒருத்தர் ஒரு பொருளை நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டா, எடுத்துக்குங்கன்னு சொல்றது மரியாதை. அவரு வேண்டாமுங்கன்னு சொல்றது அவரோட மரியாதை. இல்லீங்க எடுத்துக்குங்கன்னு இவரு, ஐயோ உங்ககிட்ட இருந்தா என்ன எங்ககிட்ட இருந்தா என்னன்னு அவரு, இப்படியே பேசி முடிச்சுக் காப்பி குடிச்சுட்டுப் போயிருவாங்க. பொருளு இருந்த இடத்துலயே இருக்கும். அந்தத் தைரியத்துல நானும் வாயை விட்டுட்டேன்.

"உங்க வண்டிதானுங்க மச்சான். எடுத்துட்டுப் போங்க."

"அப்படீங்களா? சரீங்க மாப்பள."

நான் காத்திருந்தேன். அடுத்தது வேண்டாமுங்க வரோணும். வரலை. கையை நீட்டிக்கிட்டு நின்னாரு. சாவிக்கு.

சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குனா சொந்தபந்தத்துல தலைகாட்ட முடியுமுங்களா? சாவியை எடுத்துக் குடுத்தேன். மரியாதை அதோட விடலை. சீட்டைத் தொடைச்சுக் குடுத்தேன். காலையில கிளப்ப சோக்கு லீவரை எத்தனை இழுக்கோணும்னு சொல்லிக் குடுத்தேன். வண்டியைப் போட்டே வெக்காதீங்க, பெட்ரோல் காஞ்சு மறுபடியும் அடைச்சுக்கும்னு புத்தியும் சொன்னேன். சத்தம் தெருமுக்கு திரும்பற வரைக்கும் கேட்டுக்கிட்டு நின்னேன். அப்படியொரு சுத்தமான சத்தம். அத்தனை நல்லாக் கழுவியிருக்கறேன், பாவி.

உள்ள வந்து உக்காந்தேன்.

"உங்கண்ணனுக்கு ஊரு வழக்கமே தெரியலையே அம்மணி. ஒருக்காக்கூட வேண்டாம்னு சொல்லலையே."

"நாந்தானுங்க சொல்லிவுட்டேன்," அப்படின்னா, வெங்காயம் உரிச்சுக்கிட்டே. "எங்க ஊட்டுக்காரரு ஒருக்காத்தான் சொல்லுவாரு, அப்பவே சாவியை வாங்கிக்குங்கன்னு."

அப்பறம் அவளே சொன்னா. அவங்கம்மாவுக்கு மூட்டுவலி. வாரம் தவறாம ஆஸ்பத்திரிக்குப் போகோணும். தோட்டத்துலருந்து பஸ் நிக்கற எடம் வரைக்கும் நடக்கறதுக்குள்ள அழுதுருதாம்.

"மருதமலைக்குப் போனது?"

"பின்னால அம்மா உக்காந்தாத் தாங்குதான்னு பாத்தனுங்க."

"நேராக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?"

வெங்காயத்தை விட்டுட்டு என்னை நிமிந்து பாத்தா. நானும் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன். குடுத்திருக்க மாட்டேனுங்க. அதுதான் எனக்கு இன்னைக்கும் மனசைப் புடுங்குது. குடுத்த புண்ணியமும் எனக்கில்லை, வண்டியும் எனக்கில்லை. மாமியா மட்டும் பாக்கறவங்ககிட்ட எல்லாம், எம்மருமகன் கேக்காமயே குடுத்தாருன்னு பெருமை பேசுதாம்.

அன்னைக்கு அங்கயே நான் கன்னத்துல கை வெச்சு உக்காந்திருந்தப்ப, பழனாத்தா உள்ள போய்ப் பேப்பர்ல சுத்துன ஒரு பொட்டலத்தைக் கொண்டாந்து எம்மடியில வெச்சா. பிரிச்சுப் பாத்தேன். தென்னைக்கு மருந்தடிக்கற மெசினோட கார்பரேட்டர், களிம்பேறிக் கெடக்குது.

"அண்ணன் குடுத்துட்டுப் போனாங்க. அவசரமில்லீங்களாம், வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வண்டியிலயே வந்து வாங்கிக்கறாங்களாம்."