மாமாவுடன் வந்த ஐஸ் பெட்டி

"கடையாணிக்குக் காலா முளைச்சிருக்கு, எழுந்து போறதுக்கு?" என்று பிலேமோன் டாலிவர் தன் சரக்கு வண்டியைப் பார்த்துக் கேட்டார்.

வண்டி என்ன சொல்லும்? பின்சக்கரம் ஒன்று கழன்று கடைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் அவர் கையாலேயே நிறுத்திவிட்டுப் போன வண்டி. விடிந்து பார்த்தால் கடையாணியைக் காணோம். மண்ணைத் துழாவினார், கோழிக்கூண்டுக்கு அடியில் பார்த்தார், கோழியையும் ஒரு மாதிரி பார்த்தார். பலனில்லை.

கொல்லன் ஓசியா வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "இந்தக் கெழட்டு வண்டி அளவுக்கு இப்ப யாருய்யா ஆணி வெச்சிருக்கா? புதுசாத்தான் அடிக்கணும். திங்கக்கெழம வா."

"ஒரு ஆணிக்கு நாலு நாளா? நீ அடிக்கிறது ஆணியா, ரயில் இஞ்சினா?"

"உலைக்குக் கரி இல்ல" என்றார் ஓசியா. உதட்டோரம் ஒட்டியிருந்த கேக் துணுக்கை நாக்கால் வழித்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஊரில் மற்ற வண்டிகளெல்லாம் மூட்டையோடு பருத்தி ஆலை வாசலில் வரிசை கட்டியிருந்தன. செப்டம்பர் மாதத்தில் எலிம் ஊரில் இரவல் வண்டி கேட்பவனைப் பைத்தியக்காரன் என்பார்கள்.

கடைக்குள் ஆளுயரத்துக்கு ஒரு ஓக் மர ஐஸ் பெட்டி நின்றது. ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் மிஸ் ஜெனோபியா கிரம்ப் கேட்டு வரவழைத்தது. அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாளே வந்து நின்றாள். ஜெனோபியா வந்தால் வாசல் வழி கொஞ்சம் இருட்டும்; அவ்வளவு தாராளமான உடம்பு.

"யோவ் பிலேமோன், என் பெட்டி எங்க? நேத்து வெயில்ல ரெண்டு பன்னிக் கறியும் கெட்டு, கிட்ட நிக்க முடியல. இன்னைக்கு ஆறு மணி ரயில்ல அடக்கச் சங்கத்து ஆளுங்க நாப்பது பேரு வர்றாங்க. விருந்து என் கடையிலதான். மறந்துட்டியா?"

மறப்பாரா? மாசச் சந்தா கட்டினவர்கள் செத்தால் அடக்கம் செய்துவைக்கிற சங்கம் அது. அந்த நாற்பது பேரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு முடிவு செய்யப்போவது அவருடைய பிழைப்பையல்லவா! ஜில்லா முழுக்கச் சங்கத்து அடக்கங்கள் இனி யாருக்கு? எலிம் பிலேமோனுக்கா, பக்கத்து ஊர் சைரஸ் யான்ஸிக்கா? பிலேமோன் கட்டிலும் நாற்காலியும் விற்பார், சவப்பெட்டியும் விற்பார். இந்தச் சங்கத்தை நம்பித்தான் இருந்ததையெல்லாம் போட்டுப் புதுசாக ஒரு சவ வண்டி வாங்கியிருந்தார். கண்ணாடிப் பக்கங்கள், கறுப்புத் திரை, நாலு மூலையிலும் இறகுக் கொத்து. யான்ஸிக்குப் போய்விட்டால் ஆயுசுக்கும் நாற்காலிக்குக் கால் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அவருக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. யான்ஸி தன் சவ வண்டியில் கோழிக்கூண்டு ஏற்றியதைச் எலிம் சங்கத்துத் தலைவர், சபை ஊழியர் டீக்கன் மொர்தெகாய் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அன்றிலிருந்து டீக்கன் வாயைத் திறந்தால் ஒரே பேச்சு: "நம்ம சங்கத்து வண்டியில சவத்தைத் தவிர ஒரு ஊசி ஏறக்கூடாது."

"வண்டி ஒடைஞ்சு கெடக்கு மிஸ் ஜெனோபியா."

"இன்னொண்ணு நிக்குதே. கறுப்பா, கண்ணாடி வெச்சு."

"ஐயய்யோ! டீக்கன் காதுல விழுந்தா என் கதை முடிஞ்சுது!"

"மேல துணியப் போட்டா எது சவப்பெட்டி, எது ஐஸ் பெட்டின்னு எவன் கண்டான்? பின்சந்து வழியா வா. முடியாதுன்னா யான்ஸிக்கு ஆள் அனுப்பி ஒரு பெட்டி வாங்கிக்கறேன். ராத்திரி பரிமாறும்போது, 'ரெண்டு பேர்ல எவன் சொன்ன சொல் காப்பாத்துவான்'னு யாராச்சும் கேட்டா, நான் பொய் சொல்ல முடியாது பாரு."

பொய்க்கு இவ்வளவு பயப்படும் பெண்பிள்ளையிடம் என்ன வாதாடுவது? பிலேமோன் ஐஸ் பெட்டியைப் படுக்கவைத்து, கறுப்புத் துணி போர்த்தி, சவ வண்டியில் ஏற்றினார்.

பின்சந்து முழுக்கப் பருத்தி வண்டிகள். வண்டி திரும்பக்கூட இடமில்லை. கர்த்தர் விட்ட வழி என்று கடைத்தெருவிலேயே விட்டார்.

எலிமில் சவ வண்டி போனால் என்ன நடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர்கள் கதவைப் பாதி இழுத்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். முடிதிருத்தும் லீமஸ் கத்தியோடு வாசலுக்கு வந்தான். அவன் பின்னால் பாதி முகம் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளரும் வந்து தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டார்.

"யாரு?" என்றான் லீமஸ்.

பிலேமோன் வானத்தைக் காட்டினார்.

"பாவம், சொல்லக்கூட முடியல. ரொம்ப வேண்டியவங்க போல."

தொப்பிக்கடை மிஸ் கோர்டீலியா கண்ணைத் துடைத்தாள். "நேத்துக்கூட நல்லாத்தானே இருந்தாங்க!"

"யாரு?"

"அது தெரியல. யாரா இருந்தா என்ன, நேத்து நல்லாத்தானே இருந்திருப்பாங்க?"

தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக யாருக்கு மனசு வரும்? ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்தார்கள். ஜெனோபியா கடைக்கு வந்து சேர்ந்தபோது அறுபது பேர் இருந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் நாலு பேர் தோள் கொடுத்துப் பின்அறைக்குத் தூக்கிப் போனார்கள்.

"நல்ல கனம்" என்றார் ஒருவர்.

"கனம் சரி. ஆளு என்ன, சதுரமா இருக்காரு?" என்றான் லீமஸ்.

"பெட்டி அப்படி. மெம்ஃபிஸ் மாடல்" என்றார் பிலேமோன். வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது.

அதற்குள் டீக்கன் மொர்தெகாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பிலேமோன், யாருப்பா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யான்ஸியின் கோழிக்கூண்டு கண்முன் வந்து கொக்கரித்தது.

ஜெனோபியா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். "என் மாமா! மெம்ஃபிஸ் மாமா! அப்சலோம் மாமா! காலையில ரயில்ல வந்து எறங்கினாரே... பெட்டியில!"

பிலேமோனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தன்னைக் காப்பாற்ற ஒரு மாமாவையே பலி கொடுத்துவிட்டாளே, இவளையா வாயாடி என்று நினைத்தோம்!

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடுவார்களா எலிம் பெண்கள்? அரை மணி நேரத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். பொரித்த கோழி ஏழு தட்டு. உப்பிட்ட பன்றித் தொடை இரண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை, சோள ரொட்டி, காராமணி. ஒருத்தி தேங்காய் கேக் கொண்டுவந்தாள் என்று கேள்விப்பட்டு இன்னொருத்தி மூன்றடுக்குக் கேக்கோடு வந்தாள். ஜெனோபியா விசும்பி விசும்பி வாங்கிக்கொண்டாள். விசும்பலுக்கு நடுவில், "கோழி இந்தப் பக்கம், கேக் அந்தப் பக்கம், கிழங்குக்கு மூடி போடு" என்று சொல்லவும் தவறவில்லை.

"ஒரு தடவ முகத்தப் பாத்துடறேன்" என்று டீக்கன் பின்அறைப் பக்கம் நகர்ந்தார்.

பிலேமோன் குறுக்கே பாய்ந்தார். "வேணாம் டீக்கன்! பெரியம்மை!"

அவ்வளவுதான். அறுபது பேரும் வாசல்வரை ஒரே எட்டாகப் பின்னால் போனார்கள். இரண்டாவது பன்றித் தொடையும் அதைக் கொண்டுவந்தவளோடு சேர்ந்து வெளியே போயிற்று.

ஏப்ரன் சட்டென்று கீழே இறங்கியது. ஜெனோபியாவின் கண்ணில் பொட்டு ஈரமில்லை. "எவன் சொன்னான் பெரியம்மைன்னு? என் மாமாவக் கழுதை ஒதைச்சுது! எலிசா, எங்க போற? அந்தத் தொடைய உள்ள வை!"

"கழுதைதான்னா முகத்தப் பாக்கறதுல என்ன?" என்றார் டீக்கன்.

"முகத்துலதான் ஒதைச்சுது" என்று மறுபடி ஏப்ரனை ஏற்றிக்கொண்டாள். பன்றித் தொடை திரும்பி வந்தது. டீக்கன் தொப்பியை மார்பில் வைத்துப் பெருமூச்சு விட்டார்.

இது ஓய்ந்ததா? ஐஸ்காரன் ஒரு பெரிய பாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "மிஸ் ஜெனோபியா! புது ஐஸ் பெட்டிக்கு ஐஸ் கேட்டீங்களே, எங்க வைக்க?"

எல்லார் தலையும் திரும்பியது.

"மாமாவுக்கு!" என்று கத்தினார் பிலேமோன். "வெயில் பாருங்க. மாமா தாங்கணுமில்ல? நான்தான் சொல்லிவிட்டேன்."

டீக்கன் அவர் தோளைத் தட்டினார். "எவ்வளவு முன்யோசனை! யான்ஸிக்கு இது தோணுமா? இருந்தாலும் இந்தச் சூட்டுல வெச்சிருக்கக் கூடாது. நாலு மணிக்கு அடக்கம். சங்கமே முன்ன நின்னு செய்யும். வர்றவங்களுக்கும் தெரியட்டும், எலிம்ல வெளியூர்லேந்து வந்தவனுக்கும் மரியாதை உண்டுன்னு."

பிலேமோன் ஜெனோபியாவைப் பின்அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். "என்னால முடியாது. பாஸ்டரே வந்து ஜெபம் பண்ணப்போறாரு! உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லு. சொல்லிட்டு நாற்காலிக்குக் கால் ஒட்டிக்கிட்டு உக்காரு."

"குழியில யாரப் போடறது? ஐஸ் பெட்டியையா?"

"அதுக்கு வேற வேலை இருக்கு. நீ போய், மாமாவுக்குப் பெட்டி மாத்தணும்னு சொல்லி, நல்லதா ஒரு சவப்பெட்டி கொண்டா. உள்ள வைக்க எங்கிட்ட ரெண்டு பேரு இருக்காங்க."

கெட்டுப்போன இரண்டு பன்றிகளைச் சொன்னாள். புறக்கடையில் ஈ மொய்த்துக் கிடந்தவை சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, பித்தளைக் கைப்பிடி போட்ட பெட்டிக்குள் அடங்கின. பிலேமோன் தன் தொழிலில் எத்தனையோ பேருக்கு ஆணி அடித்திருக்கிறார். இப்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு அடித்ததில்லை.

நாலு மணிக்கு ஊரே திரண்டது. கடைகள் எல்லாம் அடைப்பு. பாடகர் குழு வெள்ளை உடுப்பில் முன்னால் நடந்தது. சவ வண்டி இறகுகள் ஆட ஆடப் போயிற்று.

"மாமாவுக்கு நாள் கொஞ்சம் ஆயிட்டுது போல" என்று லீமஸ் கைக்குட்டைக்குள்ளிருந்து முணுமுணுத்தான். அதோடு எவருக்கும் எந்தச் சந்தேகமும் மிஞ்சவில்லை.

"நம் சகோதரர் அப்சலோம் வாழ்நாளில் ஒருவருக்கும் தீங்கு செய்ததில்லை" என்றார் பாஸ்டர். பிலேமோன் தேம்பித் தேம்பி அழுதார். பயத்தில் வந்த அழுகை, ஆனால் அசல் அழுகை. அதைப் பார்த்துப் பாதி ஊர் அழுதது.

ஆறு மணி ரயிலில் நாற்பது பேரும் வந்தார்கள். மேசை கொள்ளாமல் சாப்பாடு. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பின்அறைச் சுவரோரம் ஐஸ் பெட்டி ஐஸ் பெட்டியாகவே நின்றது. அதிலிருந்து ஜில்லென்று எலுமிச்சைத் தண்ணீர் வந்தது.

"அடேயப்பா, பல்லு கூசுது! புதுப் பெட்டியா? எப்ப வந்தது?" என்றார் டீக்கன்.

"இன்னைக்குத்தான். மாமாவோடயே வந்துது" என்றாள் ஜெனோபியா.

பிலேமோன் அவசரமாக டீக்கன் தட்டில் இன்னொரு கோழித்துண்டை வைத்தார். ஜில்லாத் தலைவர் எழுந்து இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு பேசினார். எத்தனையோ ஊர் பார்த்தாராம், முகம் தெரியாத ஒருவருக்கு ஒரு ஊரே அழுததாக இங்கேதான் கேள்விப்பட்டாராம். "அடக்கம் செஞ்சவரே கண்ணு வீங்க உக்காந்திருக்காரு. இவரைவிட வேற யாருக்குக் குடுக்கறது?" நாற்பது கைகளும் மேலே போயின. எதிர்த்து ஒரு கை இல்லை.

பிலேமோன் மேசையை விட்டு எழுந்தார். சமையலறைக்குப் போய் ஜெனோபியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ் ஜெனோபியா, சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். நான் பண்ணின முட்டாள்தனத்துக்கு நீங்க எனக்காக ஒரு மாமாவையே கொன்னீங்க. உங்க விருந்து என்ன ஆகுமோன்னுகூட நீங்க யோசிக்கல!"

"போய்யா. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதானே" என்று அவள் அவர் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்தாள்.

கேக்கும் கண்ணீருமாக அவர் வாசலுக்கு வந்தார். சவ வண்டியில் சாய்ந்தபடி கொல்லன் ஓசியா நின்றிருந்தார். அவர் கையிலும் அதே கேக். சட்டைப்பையைத் துழாவி, வண்டிமைப் பிசுக்கு ஒட்டிய ஒரு இரும்பாணியை எடுத்து நீட்டினார்.

"இந்தாய்யா, உன் கடையாணி. மிஸ் ஜெனோபியா நேத்து சாயங்காலமே எங்கிட்ட குடுத்து வெச்சாங்க, 'எங்க மாமா அடக்கம் முடிஞ்சு, விருந்தும் முடிஞ்சதுக்கப்புறம் பிலேமோன்கிட்ட குடுத்துடு'ன்னு."